299 ரூபாய் பனியனும் ஒன்றரை ஷிப்ட்டும்

அக்கா மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். மே லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது அவள் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. தோள் முழங்கை வரை தொங்கும் லூசான டிஷர்ட், சாம்பல் நிறம், விலை 299. அந்த மாதத்தில் அது மூன்றாவது. அக்கா போனிலேயே திட்ட ஆரம்பித்தாள். காசில் தொடங்கி, பீரோவில் இடமில்லாததைத் தொட்டு, கடைசியில் படிப்பில் வந்து நின்றது. சும்மா இருக்க முடியாமல் நானும், "இதைத் தைச்சவங்களுக்கு எவ்வளவு கிடைச்சிருக்கும்னு யோசிச்சியா?" என்று கேட்டுவைத்தேன்.

"நான் வாங்கலேன்னா மட்டும் அவங்களுக்குக் கூடக் கிடைச்சிடுமா சித்தி?"

வாய்த்துடுக்காகக் கேட்டதுதான். ஆனால் கேள்வி சரியான கேள்வி. பிள்ளைகளிடம் ஆடைத் தொழிலாளர்களைப் பற்றிப் பேச உட்காரும் பெரியவர்கள் பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறோம். ஒரு சோகமான வீடியோவைக் காட்டுவோம், "பார், உன் சட்டைக்குப் பின்னால் எவ்வளவு கண்ணீர்" என்போம். பிள்ளை இரண்டு நாள் குற்ற உணர்வோடு திரியும், மூன்றாம் நாள் மறந்துவிடும். குற்ற உணர்வுக்கு ஆயுள் அவ்வளவுதான். தவிர, அந்த வீடியோக்கள் பெரும்பாலும் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ உட்கார்ந்து துணி வாங்குகிறவர்களுக்காக எடுத்தவை. வாங்குகிறவர் ஒரு கண்டத்தில், தைப்பவர் இன்னொரு கண்டத்தில். கொங்குப் பக்கத்துப் பிள்ளைக்கு அப்படியில்லை. அவள் வகுப்பில் பக்கத்து பெஞ்சுக்காரியின் அம்மா பனியன் கம்பெனிக்குப் போகிறவராக இருப்பார். இங்கே பேச்சை வேறு இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் தொடங்கியது அந்த டிஷர்ட்டிலிருந்தே. வாங்கி, உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி திருப்பிப் போட்டேன். திருப்பூரில் லைன் வீட்டில் சில வருடம் குடியிருந்ததில் ஒட்டிக்கொண்ட பழக்கம். எதிர்வீட்டு அக்கா ஓவர்லாக் டெய்லர். எந்தத் துணியைப் பார்த்தாலும் அவர் முதலில் உள்பக்கத்தைத்தான் பார்ப்பார்.

உள்பக்கம் நிறையச் சொல்லும். அக்குளிலிருந்து கீழே வரை, துணியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றி நூல் பின்னிக்கொண்டு போகிறதே, அது ஓவர்லாக். அடிமடிப்பில் வெளியே இரண்டு கோடாகவும் உள்ளே வலை மாதிரியும் தெரிவது பேட்லாக். கழுத்துப்பட்டை தனித் துணி, ரிப். பின்கழுத்தில் ஓடும் சின்ன டேப்பை சிங்கர் மெஷினில் அடித்திருப்பார்கள். "இதை எத்தனை பேர் தைச்சிருப்பாங்க?" என்றேன். "ஒரு டெய்லர்" என்றாள், சந்தேகமே இல்லாமல்.

சரி, எண்ணலாம் என்று உட்கார்ந்தோம். துணியை அடுக்கடுக்காக விரித்து ஒரே வெட்டாக வெட்டும் கட்டிங் மாஸ்டர். தோள் சேர்ப்பவர். ரிப் வைப்பவர். கை ஏற்றுபவர். சைடு அடிப்பவர். அடி மடித்து பேட்லாக் ஓட்டுபவர். லேபிள் வைப்பவர். டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணியை எடுத்துக் கொடுத்து, மடித்து அடுக்கும் கைமடி. பிசிறு வெட்டுபவர், செக்கிங், அயர்ன், பேக்கிங். இரண்டு கை விரலும் தீர்ந்துவிட்டது. இன்னும் துணிக்கு முன்னால் போகவே இல்லை. அதற்கு நிட்டிங், சாயப்பட்டறை, அதற்கும் முன்னால் நூல் மில், அதற்கும் முன்னால் பஞ்சு எடுத்தவர். தோள் சேர்ப்பவர் நாள் முழுக்கத் தோள் மட்டும்தான் சேர்ப்பார். முழு டிஷர்ட்டை அவர் பார்ப்பதுகூட அபூர்வம். பீஸ் ரேட் என்றால் கூலி அந்த ஒரு தோளுக்குத்தான்.

பணம் எப்படிப் பிரிகிறது என்பதற்கு ஐரோப்பாவில் பரவலாகச் சுற்றும் ஒரு கணக்கு உண்டு. கடையில் 29 யூரோவுக்கு விற்கும் ஒரு டிஷர்ட்டில் தைத்தவர்களின் கூலி மொத்தம் 18 சென்ட், அதாவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பாதிக்கும் மேல் கடையின் செலவுக்கும் லாபத்துக்கும் போகிறது. நம் 299 ரூபாய் டிஷர்ட்டில் விகிதம் இதேபோல இருக்காது. அதில் பெரிய பிராண்டின் விளம்பரமும் இல்லை, ஐரோப்பியக் கடை வாடகையும் இல்லை. நான் இந்தக் கணக்கை அவளிடம் சொன்னது வேறு ஒன்றுக்காக. 18 சென்ட்டை இரட்டிப்பாக்கினால் டிஷர்ட் விலை என்ன ஆகும் என்று கேட்டேன். "29.18" என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"விலை மலிவா இருக்கறதாலதான் கூலி கம்மி" என்கிற பேச்சு பாதிதான் உண்மை என்று அந்தக் கணக்கே காட்டிவிடுகிறது. விலை கூடிய பிராண்ட் வாங்கினால் பாவம் தீர்ந்தது என்று நினைக்கிற பிள்ளைகளும் உண்டு, அவர்களுக்கும் இது பதில்.

ஒன்றரை ஷிப்ட்

திருப்பூர் பேச்சில் ஒரு சொல் உண்டு: ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்கு உள்ளே போனால் சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு ஷிப்ட் முடியும். அதற்கு மேல் அரை ஷிப்ட், அதாவது நான்கு மணி நேரம், இருந்தால் ஒன்றரை. "இன்னைக்கு ஒன்றரை ஓடுது" என்றால் வீட்டில் சமையல் யார் செய்வது, பிள்ளையை டியூஷனிலிருந்து யார் கூட்டிவருவது என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லிலேயே முடிவாகிவிடும். வாரச் சம்பளம் சனிக்கிழமை. ஆர்டர் நெருக்கினால் ராத்திரியும் ஓடும்.

இதைக் கணக்குப் பாடமாகவே செய்து பார்க்கலாம். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டக் காலத்திலிருந்தே விதி இதுதான்: வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை, அதற்கு மேல் செய்தால் சாதாரணக் கூலியைப் போல இரண்டு மடங்கு. ஒரு ஷிப்ட்டுக்கு, கணக்குக்காக, 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரத்துக்கு 500. மேற்கொண்டு நான்கு மணி நேரம் வேலை செய்தால் பல கம்பெனிகளில் கிடைப்பது அரை ஷிப்ட், 250. மொத்தம் 750. சட்டப்படி பார்த்தால் அந்த நான்கு மணி நேரம் எட்டு மணி நேரமாகக் கணக்காக வேண்டும். அப்படியென்றால் மொத்தம் 1,000.

காகிதத்தில் இதைப் போட்டுப் பார்த்துவிட்டு அவள் சொன்னது: "அப்ப அதுக்கு ரெண்டு ஷிப்ட்னுதானே பேரு வெச்சிருக்கணும்?"

எத்தனையோ வருடம் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறேன், எனக்கு இது தோன்றியதில்லை. தினமும் நாக்கில் புழங்கும் பெயருக்குள்ளேயே கால்வாசிக் கூலி காணாமல் போயிருக்கிறது. முறைப்படி இரட்டிப்புக் கொடுக்கும் ஏற்றுமதிக் கம்பெனிகளும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பீஸ் ரேட்டிலும் காண்ட்ராக்ட்டிலும் ஓடும் சின்ன யூனிட்டுகளில் இந்தக் கேள்வியே எழாது.

கூலி எப்படி உயர்ந்தது என்பதும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கதை. 1984-ல் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படி, அதாவது விலைவாசிக்கு ஏற்பக் கூலியோடு தரும் படி, கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நான்கு மாதத்துக்கும் மேல் வாரச் சம்பளம் இல்லாமல் குடும்பம் நடத்துவது என்றால் என்ன என்று யோசித்துப் பார்த்துக்கொள்ளலாம். பஞ்சப்படி அப்படித்தான் வந்தது. தையல் தொழிலுக்கான குறைந்தபட்சக் கூலியைத் தமிழக அரசு 2014-ல் உயர்த்தியபோது முதலாளிகள் நீதிமன்றம் போனார்கள். 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் உயர்வு செல்லும் என்று சொன்னது. டிஷர்ட் வாங்கியவர் மனம் இரங்கி உயர்த்திய கூலி என்று ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை.

லேபிளில் இல்லாத பெண்

சைடு தையலில் தொங்கும் லேபிளில் "மேட் இன் இந்தியா" என்று இருக்கும். அது சொல்வது தையலை மட்டும்தான். நூல் எங்கே ஆனது என்று அதில் இருக்காது.

திண்டுக்கல், ஈரோடு, கோவைப் பக்கத்து நூல் மில்களில் 1990-களின் பிற்பகுதியிலிருந்து பரவியது சுமங்கலித் திட்டம். அரசுத் திட்டம் என்று நினைக்க வைக்கும் பெயர்; மில்காரர்கள் வைத்தது. தரகர்கள் தென்மாவட்டக் கிராமங்களுக்குப் போவார்கள். மழை பொய்த்த ஊர், கடன், வயசுக்கு வந்த பெண். மூன்று வருடம் மில் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்தால் கடைசியில் மொத்தமாக முப்பதாயிரம், நாற்பதாயிரம் என்று கையில் கொடுப்போம், கல்யாணத்துக்கு ஆகும் என்பார்கள். 1961-லேயே வரதட்சணையைச் சட்டம் தடை செய்துவிட்ட நாட்டில், வரதட்சணைக்குச் சேமிப்பது என்று வெளிப்படையாகச் சொல்லியே ஆள் எடுத்தார்கள். நடுவில் உடம்புக்கு முடியாமல் திரும்பி வந்தால் அந்த மொத்தப் பணம் போச்சு. கேட்டைத் தாண்டி வெளியே போக வாரத்திலோ மாதத்திலோ ஒருநாள், அதுவும் வார்டன் கூட வர. போன் பேச அனுமதி வாங்க வேண்டும். ஊரில் இதற்கு வேறு பெயர்: கேம்ப் கூலி.

2011-ல் நெதர்லாந்து அமைப்புகள் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டபோது ஐரோப்பிய பிராண்டுகள் பதறின. "சுமங்கலி" என்ற பெயர் பிறகு மெல்ல மறைந்தது. ஹாஸ்டல் கேட் அவ்வளவு சீக்கிரம் மறையவில்லை.

இதைச் சொல்லும்போது அந்தப் பெண்களின் வயதைச் சொல்லாமல் விடக்கூடாது. பலர் பதினைந்து, பதினாறு, பதினேழு. பிளஸ் ஒன் படிக்கும் வயது. 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களை வேலைக்கு வைப்பதைத் தடுக்கிறது; 14 முதல் 18 வரை உள்ளவர்களுக்கு ஆபத்தான தொழில்களில் மட்டும்தான் தடை. சட்டத்தின் கண்ணில் என் அக்கா மகள் வேலைக்குப் போகலாம். அவள் போகாமலிருப்பதற்குக் காரணம் எங்கள் வீட்டில் மழை பொய்க்காததுதான். இதை அவளிடம் நான் விளக்கவில்லை. வயதைச் சொன்னேன், அவளே ஹாஸ்டலில் எத்தனை பேருக்கு ஒரு பாத்ரூம் என்று கேட்க ஆரம்பித்தாள்.

(திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றைப் பற்றித் தனியாகவே எழுதலாம். சாயக்கழிவு ஆறாக ஓடி ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே இருந்த விவசாயிகள் வழக்குப் போட்டு, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன கதை அது. பாசனத்துக்கென்று கட்டிய அணையைத் திறக்காதே என்று விவசாயிகளே கெஞ்சிய ஊர் உலகத்தில் வேறு எங்காவது இருக்குமா தெரியாது. இங்கே அதைத் தொட்டுவிட்டுப் போகிறேன்.)

சான்றிதழ் இருந்த கட்டடங்கள்

"அப்ப நல்ல கம்பெனி எதுன்னு சர்டிபிகேட் இருக்கும்ல? அதைப் பார்த்து வாங்கலாம்ல?" இது அவளுடைய அடுத்த கேள்வி. பெரியவர்களில் பாதிப்பேர் நிற்பதும் இந்தப் படியில்தான்.

2012 செப்டம்பர் 11 அன்று கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் தொழிலாளர்களை முறையாக நடத்தும் இடம் என்பதற்கான எஸ்ஏ 8000 என்ற சர்வதேசச் சான்றிதழ் அதற்குக் கிடைத்திருந்தது. பணம் பறிக்க யாரோ வைத்த தீ என்று பின்னாளில் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தீ வைத்தது யாராக இருந்தாலும், இத்தனை பேர் வெளியே வர முடியாமல் போனதற்குக் காரணம் கம்பி போட்ட ஜன்னலும் அடைத்த கதவும். சான்றிதழ் கொடுத்தவர் கண்ணில் அவை படவில்லை.

அடுத்த வருடம் டாக்காவுக்கு அருகே சாவர். ராணா பிளாசா எட்டு மாடிக் கட்டடம், மேல்மாடிகள் அனுமதியில்லாமல் எழுப்பியவை, ஐந்து ஆடைத் தொழிற்சாலைகள் உள்ளே. கீழே கடைகளும் ஒரு வங்கிக் கிளையும். 2013 ஏப்ரல் 23 அன்று தூண்களில் விரிசல் விட்டது. பொறியாளர் வந்து பார்த்துவிட்டுக் கட்டடத்தைக் காலி செய்யச் சொன்னார். மறுநாள் காலை வங்கி ஊழியர்கள் வரவில்லை, வர வேண்டாம் என்று வங்கியே சொல்லிவிட்டது. ஆடைத் தொழிலாளர்களும் வாசலில் தயங்கி நின்றார்கள். உள்ளே வராவிட்டால் மாதச் சம்பளம் கிடையாது என்று மிரட்டல். ஏறிப் போனார்கள். கரண்ட் போனது, மேல்மாடி ஜெனரேட்டர்கள் ஓட ஆரம்பித்தன, ஒன்பது மணிக்கு முன்பே கட்டடம் மடிந்து விழுந்தது. இறந்தவர்கள் 1,134 பேர். இடிபாடுகளுக்குள் பிரைமார்க் மாதிரி மலிவு விலைக் கடைகளுக்கான துணியும் இருந்தது, பெனட்டன் மாதிரி விலை கூடிய பிராண்டின் துணியும் இருந்தது. உள்ளிருந்த தொழிற்சாலைகளில் இரண்டு, பிராண்டுகள் ஏற்கும் தணிக்கையைக் கடந்தவை.

ஒரே கட்டடம், ஒரே விரிசல். வங்கிக்காரர்கள் பிழைத்தார்கள், தையல்காரர்கள் செத்தார்கள். பிள்ளைகளிடம் ராணா பிளாசாவைச் சொல்வதாக இருந்தால் எண்ணிக்கையை விட்டாலும் பரவாயில்லை, இந்த வித்தியாசத்தை விடாதீர்கள். விரிசலைப் பார்த்தது தொழிலாளர்கள்தான். அவர்களைவிட நல்ல தணிக்கையாளர் யாரும் இல்லை. அவர்களுக்கு இல்லாமல் போனது "நான் உள்ளே வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வேலையிலும் நீடிக்கும் தெம்பு. வாசலில் அவர்கள் சார்பில் பேச ஒரு சங்கம் இருந்ததில்லை.

அதன்பின் மே மாதத்தில் உருவான வங்கதேச ஒப்பந்தம், அக்கார்ட் என்று அழைக்கப்படுவது, பழைய தணிக்கைகளிலிருந்து வேறுபட்டது இந்த விஷயத்தில்தான். பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து கையெழுத்திட்டார்கள், மீறினால் சட்டப்படி வழக்குப் போடலாம், ஆபத்து என்று தெரிந்தால் வேலை செய்ய மறுக்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்று எழுதினார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட பிராண்டுகள் சேர்ந்தன. ஆயிரக்கணக்கான கட்டடங்களில் தீக்கதவும் படிக்கட்டும் வந்தன.

வாங்காமல் விட்டால்?

இங்கே வரும்போது பிள்ளைகளுக்கு ரத்தம் சூடாகும். "இந்த பிராண்டையெல்லாம் பாய்காட் பண்ணணும்" என்பார்கள். அந்தக் கோபத்தை அணைக்க வேண்டியதில்லை. ஆனால் வங்கதேசத்தில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

1992-ல் அமெரிக்க செனட்டர் டாம் ஹார்கின், குழந்தைகள் செய்த பொருள்களை இறக்குமதி செய்யக் கூடாது என்று ஒரு மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவே இல்லை. வரப்போகிறது என்ற பயத்திலேயே டாக்கா ஆடைத் தொழிற்சாலைகள் குழந்தைகளைக் கூட்டங்கூட்டமாக வெளியே அனுப்பின. ஏறத்தாழ 50,000 பேர் என்பது யுனிசெஃப் கணக்கு. பள்ளிக்கூடத்துக்கா போனார்கள்? பலர் கல் உடைக்கவும் தெருவில் விற்கவும் போனார்கள், சிலர் அதைவிட மோசமான இடங்களுக்கு. தையல் கூடத்தில் கிடைத்த கூலிகூட அங்கே இல்லை. பிறகு 1995-ல் தொழிற்சாலை அதிபர்கள் சங்கம், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐஎல்ஓ, யுனிசெஃப் மூன்றும் உட்கார்ந்து, மீதமிருந்த குழந்தைகளுக்குப் பள்ளியும் உதவித்தொகையும் கொடுத்த பிறகே வேலையிலிருந்து எடுப்பது என்று ஒப்பந்தம் போட்டார்கள். முதலிலேயே அப்படிச் செய்திருக்கலாம்.

ஆர்டர் நின்றால் முதலில் விழுவது யார் என்று திருப்பூருக்கும் நன்றாகத் தெரியும். 2020 மார்ச்சில் கொரோனா வந்ததும் பல பிராண்டுகள் தைத்து முடித்த ஆர்டரைக்கூட ரத்து செய்தன. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டது. இப்படிப்பட்ட நேரங்களில் கம்பெனி வாசலில் "டெய்லர் தேவை" போர்டு இறங்கிவிடும், ஒன்றரை ஓடிய இடத்தில் ஒன்றே ஓடாது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் ரயிலைப் பிடிப்பார்கள். ஆகவே, "நான் வாங்கலேன்னா மட்டும் கூடக் கிடைச்சிடுமா" என்ற அவள் கேள்விக்கு நேர் பதில்: கிடைக்காது. குறையவும் கூடும்.

அதற்காக மாதம் மூன்று டிஷர்ட் வாங்குவது சமூக சேவை ஆகிவிடாது. அந்த வாதத்தையும் அவள் வைத்துப் பார்த்தாள், கெட்டிக்காரி. வாராவாரம் புது டிசைன் என்ற வேகம்தான் பத்து நாளில் ஆர்டரை முடி என்று கீழே இறங்கி, கடைசியில் ராத்திரி வேலையாக டெய்லர் தலையில் விழுகிறது. குறைவாக வாங்கி நிறைய நாள் போடுவது அந்த வேகத்துக்கு ஒரு சின்ன பிரேக். நல்லதுதான். தோள் சேர்ப்பவரின் கூலியை அது ஏற்றாது, அவ்வளவே.

எது ஏற்றும் என்பதற்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் அருகே ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த இருபது வயது தலித் பெண் கொலை செய்யப்பட்டார். கைதானவர் அதே தொழிற்சாலையில் அவருக்கு மேலாக இருந்த சூப்பர்வைசர். உள்ளே பெண்கள்மீது தொல்லை நடப்பது புதிதல்ல என்று மற்றத் தொழிலாளர்கள் அதன்பிறகு பேசத் தொடங்கினார்கள். அங்கேயும் தணிக்கைகள் நடந்துகொண்டுதான் இருந்தன. கிளிப்போர்டோடு வந்து ஒருநாள் நிற்பவரிடம் எந்தப் பெண் இதைச் சொல்வாள்? தலித் பெண்கள் தலைமையில் நடக்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் நின்றது, வெளிநாட்டு அமைப்புகளும் கை கொடுத்தன. 2022-ல் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. தொழிற்சாலை நிறுவனம் ஒப்புக்கொண்டது. வாங்கும் பிராண்டுகளான எச் அண்ட் எம், கேப், பிவிஎச் மூன்றும் ஒப்பந்தத்தை மீறினால் ஆர்டருக்கு விளைவு உண்டு என்று கையெழுத்திட்டன. சங்கம் பயிற்சி கொடுத்த தொழிலாளிகளே தையல் லைனில் உட்கார்ந்தபடி கண்காணிப்பாளர்கள் ஆனார்கள். புகார் சொல்ல வேறெங்கும் போக வேண்டியதில்லை, இரண்டு மெஷின் தள்ளி உட்கார்ந்திருக்கும் அக்காவிடம் சொன்னால் போதும்.

இதில் வாங்குகிறவர்களுக்கு வேலையே இல்லையா? இருந்தது. வெளிநாட்டில் எழுந்த கேள்விகளும் பிராண்டுகளைப் பேச்சுவார்த்தைக்குத் தள்ளின. ராணா பிளாசாவுக்குப் பிறகு ஆண்டுதோறும் ஏப்ரலில் பிள்ளைகள் சட்டையைத் திருப்பி லேபிளைக் காட்டிப் படம் எடுத்து "என் துணியைத் தைத்தது யார்?" என்று பிராண்டைக் கேட்பது வழக்கமாகியிருக்கிறது. விளையாட்டு மாதிரித் தெரியும். ஆனால் பிராண்டுகள் தங்கள் தொழிற்சாலைப் பட்டியலை வெளியிட வேண்டிவந்ததில் அந்தக் கேள்விக்கும் பங்கு உண்டு. பட்டியல் வெளியே வந்தால், ஒரு சங்கத்துக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியும். நான் அக்கா மகளுக்குச் சொல்லிக் கொடுத்தது அந்தக் கேள்வியோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள் என்றுதான்: தைத்தவர் யார் என்பதோடு, அவருக்குக் கோபம் வந்தால் யாரிடம் போய்ச் சொல்வார்? அங்கே சங்கம் இருக்கிறதா?

299 ரூபாய்க்கு விற்ற ஆன்லைன் கடைக்கு அவள் அதை எழுதிக் கேட்டாள். "உங்கள் கருத்துக்கு நன்றி, அடுத்த ஆர்டருக்கு 10 சதவீதத் தள்ளுபடி" என்று பதில் வந்தது. ரொம்ப நேரம் சிரித்துக்கொண்டிருந்தோம்.

தீபாவளிக்கு அக்காவும் அவளும் நானும் துணி எடுக்கப் போனோம். பெரிய ஜவுளிக்கடை, நான்கு மாடி, நிற்க இடமில்லை. போகிற வழியில் கோழிக்கோட்டுக் கதையைச் சொல்லியிருந்தேன். அங்கே பெண்கூட்டு என்ற அமைப்பில் சேர்ந்த ஜவுளிக்கடைப் பெண்கள், வேலை நேரத்தில் உட்காரவும் கழிப்பறை போகவும் உரிமை வேண்டும் என்று போராடினார்கள். 2018-ல் கேரளா அதைச் சட்டமாக்கியது, 2021-ல் தமிழ்நாடும் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை இருக்க வேண்டும் என்று சேர்த்தது. அதனால் அவள் சுடிதார் எதையும் பார்க்கவில்லை. கவுண்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

இரண்டாம் மாடியில் துணி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த பெண்ணுக்கு அவளைவிட மூன்று நான்கு வயதுதான் கூட இருக்கும். "அக்கா, உக்கார ஸ்டூல் குடுக்கலியா?" என்று இவள் மெதுவாகக் கேட்டாள். அந்தப் பெண் ஃப்ளோர் சூப்பர்வைசர் நிற்கும் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"குடுத்திருக்காங்க கண்ணு. அந்தா, அந்தப் பெட்டிக்கெல்லாம் அடியில இருக்கு."

இவள் நின்று எண்ணினாள். ஸ்டூல்மேல் ஏழு பெட்டி இருந்தது.